வீட்டைச் சுற்றி என்ன நடலாம்?

வருஷம் பூரா பச்சையா இருக்கிற மரம்னா இலையே உதிராதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. உதிரும். ஒரேயடியா மொட்டையாகாம, பழசு விழ விழப் புதுசு வந்துக்கிட்டே இருக்கும்.

கன்று வாங்கும்போது இப்போ இருக்கிற உயரத்தைப் பார்க்காதீங்க, முழுசா வளர்ந்தா எவ்வளவு அகலம் விரியும்னு கேளுங்க. அதில் பாதி தூரமாவது சுவரை விட்டுத் தள்ளி நடணும். ஆல் இனத்து மரங்கள் வீட்டுப் பக்கமே வேண்டாம். வேர் அஸ்திவாரத்தையும் குழாயையும் பதம் பார்த்துடும்.

என் மனசுக்குப் பிடிச்சது மகிழம். மெதுவாத்தான் வளரும், ஆனா அந்த அடர்ந்த நிழலுக்கு ஈடே இல்லை. குட்டி நட்சத்திரம் மாதிரிப் பூ, உதிர்ந்து காய்ஞ்ச பிறகும் வாசம் போகாது. மேற்குப் பக்கம் நட்டா சாயங்கால வெயில் சுவரில் ஏறாது. இடம் குறுகலா, நெட்டிலிங்கம். வேலி ஓரத்துக்கு இட்லிப்பூ, செம்பருத்தி. ரெண்டும் வெட்ட வெட்டத் தழைக்கும். அரளி அழகுதான், ஆனா இலை, பூ, விதை எல்லாமே விஷம். குழந்தைகள், ஆடு மாடு இருக்கிற வீட்டில் தயவுசெஞ்சு வேண்டாம்.

நடுறதுக்கு முன்னாடி வேரைப் பாருங்க. வட்டமா சுருண்டு இறுகியிருந்தா விரலால் பிரிச்சுவிட்டு நடுங்க.