உரைகல்லில் ஒரு ஜாதிக்காய்

இன்று காலை அம்மா பாப்பாவுக்கு உரைமருந்து கொடுக்க ஜாதிக்காயைக் கல்லில் உரசினாள். இரண்டே சுற்று.

உரசிய இடத்தில் பழுப்பு நரம்புகள், வரைபடத்து ஆறுகள் மாதிரி.

இதற்காகத்தான் 1621இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவர் யான் பீட்டர்சூன் கூன், இன்றைய இந்தோனேசியாவில் ஜாதிக்காய் விளைந்த பண்டா தீவுகளின் மக்களை அழித்தார். கொன்றது போக, பட்டினியில் செத்தது போக, மீதிப் பேரில் பலரை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள்.

அங்கே ரன் என்று ஒரு குட்டித் தீவு. ஆங்கிலேயர் உரிமை கேட்ட தீவு. 1667 பிரெடா உடன்படிக்கையில் அது டச்சுக்காரருக்கு, நியூயார்க் ஆங்கிலேயருக்கு என்று முடிந்தது.

அப்படி முடியாமல் இருந்திருந்தால்?

நியூயார்க்கின் மன்ஹாட்டன் டச்சு பேசியிருக்குமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் ரன் தீவைத்தான் யோசிக்கிறேன். அது ஆங்கிலேயர் கையில் இருந்திருந்தால் கன்றுகள் அப்போதே வெளியே போயிருக்கும், முளைத்துவிடக் கூடாதென்று கொட்டையைச் சுண்ணாம்பில் முக்கி விற்ற டச்சுக்காரரின் ஏகபோகம் நூறு வருஷம் முன்னாடியே உடைந்திருக்கும். நிஜத்தில் 1796இல் ஆங்கிலேயர் பண்டாவைப் பிடித்த பிறகுதான் பினாங்குத் தோட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் கன்றுகள் போயின.

சரி, அப்படியே நடந்திருந்தாலும் பண்டா மக்கள்? அவர்களுக்காக 1667இலிருந்து இன்னும் 46 வருஷம் பின்னால் போக வேண்டும்.

பாப்பா முகத்தைச் சுளித்தாள், அப்புறம் விழுங்கிவிட்டாள். அம்மா காயைத் துடைத்து டப்பாவில் போட்டாள்.