ரத்த குரூப் பார்த்தபோது சிக்கிய நோய்

மண்டபம் பக்கம் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. மகளுக்கு ஆறு மாதம் தாண்டியதும் தொல்லை ஆரம்பித்தது. காதில் சீழ், அது ஆறுவதற்குள் நெஞ்சுச் சளி, அப்புறம் நிமோனியா. மருந்து கொடுத்தால் கேட்கும், நிறுத்தினால் திரும்பும். "கடக்காத்து சேரல புள்ளைக்கு" என்று சொல்லாத ஆள் இல்லை. காற்று பாவம், அதன்மேல் பழி. அவளுக்கு இருந்தது ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம், உடம்பில் ஊறாத நோய். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி கரையும் வயதில்தான் இந்த வகை நோய் தலைகாட்டுமாம்.

துப்பு கிடைத்தது மதுரையில், ரத்த வங்கியில். ஒன்றரை வயதில் நிமோனியாவோடு சேர்த்திருந்தோம், ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. குரூப்பை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள்: சிவப்பணுவை வைத்து ஒன்று, சீரத்தை (ரத்தத்தில் அணுக்கள் போக நிற்கும் தெளிநீரை) வைத்து ஒன்று. சிவப்பணு ஓ குரூப் என்றது. அப்படியானால் சீரத்தில் ஏ, பி இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடி இருக்க வேண்டும். இருந்தால், அதில் கலக்கும் ஏ, பி சிவப்பணுக்கள் திரளும். பாப்பாவின் சீரத்தில் எதுவுமே திரளவில்லை, ஏபி குரூப் மாதிரி நின்றது. லேப்காரர் அதை அப்படியே விடாமல் டாக்டருக்குப் போன் போட்டார். அந்த மனிதருக்குக் கோடி புண்ணியம்.

டாக்டர் வந்து டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். டான்சில் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அடுத்த கேள்வி, "சொந்தத்துலயா கல்யாணம்?" என் வீட்டுக்காரர் அத்தை மகன்தான்.

ஆன்டிபாடி வகைகளான ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் மூன்றும் தரைமட்டம். வெள்ளையணுக்களை வகைபிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி டெஸ்டில் டி செல் சரியாக இருந்தது, பி செல் கிட்டத்தட்ட இல்லை. ஆன்டிபாடி ஊறுவது பி செல்லிலிருந்துதான், டான்சிலில் நிறைந்திருப்பதும் அதுதான். 1952இல் புரூட்டன் என்ற டாக்டர் எழுதிவைத்த நோய் இதே சாயல்தான். ஆனால் அதற்குக் காரணமான பிடிகே ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், வருவது பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு. இவள் பெண் என்பதால் வேறு ஜீன்களையும் தேடினார்கள். சிடி79ஏ என்ற ஜீனில் பழுது என்று வந்தது. எங்கள் இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்திருக்கிறது. அடுத்த குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

டாக்டர் படம் போட்டு விளக்கினார். பி செல்லின் மேல் நிற்கும் ஆன்டிபாடி கிருமியைப் பிடிக்கும், ஆனால் செல்லுக்குள் நீளும் அதன் வால் மூன்றே அமினோ அமிலம். சேதியை உள்ளே கொண்டுபோவது கூடவே இருக்கும் ஜோடி, சிடி79ஏயும் சிடி79பியும். அவற்றின் வாலில் லின் என்ற நொதி பாஸ்பேட்டை ஒட்டும், அங்கே சிக் என்ற நொதி வந்து உட்காரும், அப்புறம் பிடிகே, கால்சியம் என்று போய் செல் விழித்துக்கொள்ளும். கேட்டுக்கொண்டிருந்த மாமா, "மீன் கடிச்சது தங்கூசி வழியா கைக்குத் தெரியலேன்னா தூண்டில் எதுக்கு?" என்றார். அதைவிட மோசம் என்றார் டாக்டர். எலும்பு மஜ்ஜையில் வளரும்போதே அந்தச் சேதி வந்தால்தான் பி செல் அடுத்த படிக்குப் போகும். வராததால் முளையிலேயே நின்றுவிடுகிறது.

மருந்து, ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் ஐவிஐஜி. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் ஆன்டிபாடி. எடைக் கணக்கில் மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுசுக்கும். விலை மலைக்க வைக்கும். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் ஐவிஐஜி தேவைப்படும் நோயெதிர்ப்புக் குறைபாடுகளும் இருக்கின்றன, அதைச் சொல்லி உதவி கேளுங்கள். எங்களுக்குத் தரும் பாட்டில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. எங்கள் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, ஆனால் மீன் பெட்டி மாதிரி ஐஸுக்குள் புதைத்தால் போச்சு. நடுவில் துணி சுற்றித்தான் கொண்டுபோவோம். குலுக்கினால் நுரைக்கும். முதலில் சொட்டுச்சொட்டாகத் தொடங்கி, காய்ச்சலும் பிரஷரும் பார்த்துப் பார்த்து வேகம் கூட்டுவார்கள். பாட்டில் ஸ்டிக்கரில் இருக்கும் பேட்ச் நம்பரை உரித்து நோட்டில் ஒட்டிவிடுவேன்.

இரண்டு விஷயம் கிராம நர்ஸிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். உயிருள்ள வைரஸ் இருக்கும் போலியோ சொட்டு மருந்து இவளுக்கும் கூடாது, வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளுக்கும் கூடாது, ஊசிதான். காய்ச்சல் வந்தால் வைடால் (டைபாய்டு டெஸ்ட்) மாதிரி ஆன்டிபாடி தேடும் டெஸ்ட் வேண்டாம், காட்டினாலும் அது யாரோ கொடுத்த ஆன்டிபாடியாக இருக்கலாம். கிருமியையே தேடும் கல்ச்சர் அல்லது பிசிஆர் எடுக்கச் சொல்லுங்கள்.