எந்த அறுவைத் துறை? டர்பனில் இன்டர்ன் முடிப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் எம்பிசிஎச்பி (மருத்துவப் பட்டப்படிப்பு) முடித்தபின் இரண்டு ஆண்டு இன்டர்ன்ஷிப், ஓராண்டு சமூக சேவை. அதற்குள் துறையை முடிவு செய்யாவிட்டால் குடி முழுகிப் போகாது. ஆனால் ஒவ்வொரு துறையின் அன்றாட வேலையையும் பக்கத்தில் நின்று பார்க்க இதைவிட நல்ல காலம் கிடைக்காது.

தியேட்டரில் ஒரு பெரிய ஆபரேஷனைப் பார்த்து மயங்கி முடிவெடுக்காதீர்கள். அந்தத் துறையின் வெளிநோயாளர் வரிசையைப் பாருங்கள். யூராலஜி (சிறுநீர்ப் பாதைத் துறை) என்றால் கதீட்டர், கல், புராஸ்டேட். ரத்தக்குழாய் அறுவை என்றால், நம் குடும்பங்களில் இவ்வளவு பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதே, அவர்களுடைய அழுகிய பாதங்கள். முதலில் விரலை வெட்டி எடுப்பார்கள், பிறகு முன்பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. அதே பாட்டிக்கு மாதக்கணக்கில் புண்ணைக் கட்டிவிடுவது அலுக்காதவர்களுக்கே அந்தத் துறை.

பொது அறுவையும் டிராமாவும் (விபத்து, காயச் சிகிச்சை) ஒத்துவருமா என்பதை நெஞ்சுக் குழாய், அதாவது நுரையீரலைச் சுற்றித் தேங்கும் காற்றையும் ரத்தத்தையும் வெளியேற்றப் போடும் குழாய், சொல்லிவிடும். குத்துப்பட்டு வருபவருக்கு ஐந்தாம் விலா இடைவெளியில், நடு அக்குள் கோட்டுக்குச் சற்று முன்னால், கீழே உள்ள விலாவின் மேல் விளிம்பை ஒட்டிப் போட வேண்டும். விலாவின் கீழ் விளிம்பில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. விரலை உள்ளே விட்டுச் சுற்றித் தடவிப் பார்க்காமல் குழாயைத் தள்ளினால், ஒட்டியிருக்கும் நுரையீரல் கிழியும். போட்டபின் பாட்டிலில் மூச்சோடு தண்ணீர் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இரவு 2 மணிக்கு, நான்காவது குழாயிலும் இந்த வரிசை தவறாதவர் இந்தப் பக்கம் தாராளமாக வரலாம்.

ரெஜிஸ்ட்ரார் (சிறப்புத் துறையில் பயிற்சி பெறும் மருத்துவர்) இடங்கள் குறைவு, போட்டி கடுமை. அதனால் சிறப்புத் துறைத் தேர்வுகளை நடத்தும் தென்னாப்பிரிக்க மருத்துவக் கல்லூரிகள் அமைப்பின் பிரைமரி தேர்வை, அதாவது உடற்கூறு, உடலியங்கியல், நோயியல் ஆகியவற்றை, முன்கூட்டியே எழுதுங்கள். விரும்பும் துறையிலேயே மெடிக்கல் ஆபீசராக ஓராண்டாவது இருங்கள். லாக்புக்கை முதல் நாளிலிருந்தே அன்றன்று எழுதுங்கள்: தேதி, ஆபரேஷன், நீங்களே செய்ததா, உதவியதா, பின்னால் வந்த சிக்கல். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதுவது நிற்காது.

ரெஜிஸ்ட்ரார் ஆனபின் செய்ய வேண்டிய எம்மெட் (முதுநிலைப் பட்டம்) ஆய்வில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நெறிமுறைக் குழு அனுமதிக்கே மாதங்கள் ஓடிவிடும். பெரிய தலைப்பைத் தொடாதீர்கள்.

ரெஜிஸ்ட்ரார் இடத்துக்குக் கையெழுத்துப் போடுமுன், துறைத்தலைவர் இல்லாத நேரத்தில் ஜூனியர் ரெஜிஸ்ட்ராரைக் கேளுங்கள்: கத்தியை உங்கள் கையில் எப்போது கொடுத்தார்கள்? பக்கத்தில் யார் நின்றார்கள்? தைப்பூசக் காவடிக்கு லீவு கிடைத்ததா?