பி.எஃப்.-ஐ எடுத்துவிட்டு அடுத்த கல்லூரிக்குப் போகாதீர்கள்

எங்கள் டிபார்ட்மென்ட் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த அண்ணன் 2023-ல் ஓய்வு பெற்றார். தனியார் கல்லூரி, பல்கலைக்கழகம் என்று 5 இடங்களில் மொத்தம் 24 வருட வேலை. ஓய்வு பெற்ற மறுவாரம் வந்து, "சார், பென்ஷனுக்கு என்ன ஃபார்ம் போடணும்?" என்று கேட்டார். பாஸ்புக்கைத் திறந்து பார்த்தபோது எனக்குப் பேச வாய் வரவில்லை. ஒவ்வொரு இடத்தை விட்டு வரும்போதும் பி.எஃப்.-ஐயும் (வருங்கால வைப்பு நிதி) பென்ஷன் பணத்தையும் மொத்தமாக எடுத்திருக்கிறார். கணக்கில் மிச்சம் இருந்தது கடைசி இடத்தின் 8 வருடம்தான். மாதப் பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டும். 24 வருடம் உழைத்த மனிதருக்குப் பென்ஷன் கிடையாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எதையும் எடுக்காமல் பழைய கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொண்டே வந்திருந்தால் மாதம் 2,500 ரூபாய்க்குக் குறையாமல் வந்திருக்கும், அவருக்குப் பிறகு அவர் மனைவிக்கும் ஒரு பங்கு போயிருக்கும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். இது அரசுப் பல்கலைக்கழகத்தில் ஜி.பி.எஃப்., சி.பி.எஸ். என்று அரசு ஊழியர் திட்டங்களில் இருப்பவர்களுக்கு இல்லை. சுயநிதிக் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று மாறி மாறி வேலை பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு. கல்வி நிறுவனங்கள் 1982-லேயே இ.பி.எஃப்., அதாவது தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆனால் 15 வருடம் பாடம் எடுத்த பேராசிரியருக்குக்கூட சம்பளச் சீட்டில் பிடிக்கும் 1,800 ரூபாய் எங்கே போகிறது என்று தெரிவதில்லை.

பாஸ்புக்கில் ஒரு மாதத்துப் பதிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். பேஸிக்கும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிக்கிறார்கள். நிர்வாகமும் தன் பங்காக 1,800 போட வேண்டும். பாஸ்புக்கில் பார்த்தால் உங்கள் கட்டத்தில் 1,800 இருக்கும், நிர்வாகத்தின் கட்டத்தில் 550 தான் இருக்கும், உடனே "ஏமாத்துறாங்க" என்று தோன்றும். ஏமாற்று இல்லை. பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கிறது பாருங்கள், அதில் 1,250. நிர்வாகத்தின் பங்கில் 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடுகிறது. உங்கள் பேஸிக் 40,000 ஆக இருந்தாலும் பென்ஷனுக்கு 15,000 வரைதான் கணக்கு, அதனால் 1,250-க்கு மேல் ஏறாது. இந்த 15,000 வரம்பு 2014 செப்டம்பரில் வந்தது, அதற்கு முன்பு 6,500. 2014 செப்டம்பருக்குப் பிறகு முதல்முறையாக வேலைக்குச் சேர்ந்து, சேரும்போதே பேஸிக்கும் டி.ஏ.வும் 15,000-ஐத் தாண்டியிருந்தால் பென்ஷன் பக்கமே போகாது, நிர்வாகத்தின் பங்கு முழுவதும் பி.எஃப்.-லேயே சேரும்.

பலரும் தடுமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. பி.எஃப். என்பது பணம், வட்டியோடு வளரும்; 2023-24-க்கும் 2024-25-க்கும் 8.25 சதவீதம் கொடுத்தார்கள். பென்ஷன் அப்படி இல்லை. அந்த 1,250 உங்கள் பெயரில் குட்டி போடுவதில்லை, ஒரு பொதுக் குளத்தில் விழுகிறது, உங்களுக்கு எழுதப்படுவது நீங்கள் வேலை பார்த்த வருடங்கள் மட்டும்தான். கணக்கு ரொம்ப எளிது: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை, 15,000 உச்சவரம்புக்குள், வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 10 வருடம் என்றால் 2,143 ரூபாய். 20 வருடம் முடித்து 58-ல் ஓய்வு பெற்றால் 2 வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள், 4,714 வரும். (2014-க்கு முந்தைய வருடங்களுக்கு 6,500 தான் உச்சம்.) பெரிய தொகை இல்லைதான். ஆனால் 58-க்குப் பிறகு யாரிடமும் கேட்காமல் மாதாமாதம் வரும் தொகை.

நானும் 2013-ல் முதல் கல்லூரியை விட்டு வந்தபோது எடுத்தவன்தான். தங்கை கல்யாணம். பி.எஃப். 57 ஆயிரம் சொச்சம், பென்ஷன் கணக்கிலிருந்து 27 ஆயிரம், 2 ஃபார்மிலும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டேன். அந்த 57 ஆயிரத்தை விட்டிருந்தால், 8.25 சதவீதம் அப்படியே நீடித்தால், எனக்கு 58 ஆகும்போது ஐந்தரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். அந்தச் சமயத்தில் இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. அலுவலகத்தில் ரிலீவிங் ஆர்டரோடு சேர்த்து அந்த ஃபார்ம்களையும் நீட்டினார்கள், அதுதான் வழக்கம் என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாவது கல்லூரியில் வேறு பிரச்சினை. 5 மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள், பாஸ்புக்கில் ஒரு வரிகூட ஏறவில்லை. ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், தாமதித்தால் நிர்வாகம் வட்டியும் அபராதமும் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டோம், பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓ.வின் குறைதீர்ப்புத் தளத்திலும் புகார் போட்டோம், பிறகு கட்டினார்கள். அன்றிலிருந்து 2 மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக் பார்க்கிறேன். இணையம் இல்லையென்றால், பதிவு செய்த செல்லிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எவ்வளவு என்று குறுஞ்செய்தி வரும்.

கல்லூரி மாறும்போது யு.ஏ.என். (ஒருவருக்கு ஒரே பி.எஃப். எண்) மாறாது, பழைய எண்ணையே புதிய இடத்தில் கொடுங்கள். கேட்காமலே புது எண் போட்டுவிடுகிற அலுவலகங்கள் இருக்கின்றன, அப்புறம் இரண்டையும் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பழைய நிர்வாகம் நீங்கள் விலகிய தேதியைப் பதியவில்லை என்றால் காத்திருக்க வேண்டியதில்லை. கடைசியாகப் பணம் கட்டி 2 மாதம் ஆனபின் இ.பி.எஃப்.ஓ. தளத்தில் நீங்களே பதியலாம், ஓ.டி.பி. வரும், அவ்வளவுதான். நமக்கென்றே இருக்கிற தலைவலி இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், கல்லூரிப் பதிவில் ஓர் எழுத்தும் புள்ளியும் இருக்கும், கணக்கு மாற்றம் அங்கேயே நின்றுவிடும். வேலையில் இருக்கும்போதே நீங்களும் நிர்வாகமும் சேர்ந்து கொடுக்கும் ஜாயின்ட் டிக்ளரேஷன் போட்டுத் திருத்திவிடுங்கள்.

இன்னொன்று நாமினி. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டிருப்போம். கல்யாணம் ஆனதுமே அந்த நியமனம் செல்லாது, புதிதாகப் போட வேண்டும். வேலையில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் பி.எஃப்.-ஓடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. ஆயுள் காப்பீட்டில் 7 லட்சம் வரை கிடைக்கும். அதற்காக நம் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை, அதையும் நிர்வாகமே கட்டுகிறது. இப்படி ஒன்று இருப்பது தெரியாத குடும்பங்கள் நிறைய.

அவசரத்துக்கு எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. மருத்துவம், வீடு, கல்யாணம், படிப்பு என்று முன்பணம் வாங்க வழி இருக்கிறது, அதில் பென்ஷன் வருடங்கள் கலைவதில்லை. மொத்தமாக எடுத்தால்தான் போச்சு. 5 வருடத்துக்குள் எடுத்தால் வருமான வரியும் உண்டு. மாற்றிக்கொண்டு வந்தால் பழைய வருடமும் அந்த 5-ல் சேரும்.

போன செமஸ்டரில் புதிதாகச் சேர்ந்த மேடம் ஒருவர், பழைய கல்லூரிப் பணத்தை எடுத்து ஸ்கூட்டி வாங்கப் போவதாகச் சொன்னார். 3 வருடம் 4 மாத சர்வீஸ். ஒரு சனிக்கிழமை மதியம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து விலகிய தேதியைப் பதிந்தோம், மாற்றத்துக்கு விண்ணப்பம் போட்டோம். 3 வாரம் கழித்து இரவு 9 மணிக்குப் பதறிப்போய் போன் செய்தார்.

"சார், பி.எஃப். வந்துடுச்சு, ஆனா பென்ஷன் கட்டத்துல ஜீரோன்னு இருக்கு. போயிடுச்சா?"

"போகலை மேடம். பென்ஷன்ல பணம் மாறாது, வருஷம்தான் மாறும். சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மெதுவாக வாசித்தார், பழைய கல்லூரியின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி.