ப்ரொசீஜரின் முதல் வரியைத் தாண்டி ஓடாதீர்கள்: நர்சிங் மாணவர்களுக்கு ஒரு புதிய செவிலியர்

நர்சிங்கில் எந்த ப்ரொசீஜரை (நோயாளிக்குச் செய்யும் ஒரு பணியின் படிப்படியான செய்முறையை) எடுத்தாலும் முதல் வரி ஒன்றுதான். உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள், செய்யப்போவதை விளக்குங்கள், சம்மதம் கேளுங்கள். கடைசி வரியும் அப்படித்தான்: நோயாளியை வசதியாகப் படுக்க வைத்து, அழைப்பு மணி கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். செய்முறைத் தேர்வில் பலரும் இதை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு நடுப்பகுதிக்கு ஓடுகிறார்கள். பரிவு பரிவு என்று வகுப்பில் பேசுகிறோமே, வேலைக்கு வந்தபின் அதில் பெரும்பகுதியை இந்த இரண்டு வரிகளில்தான் பார்க்கிறேன்.

இங்கிலாந்து மருத்துவர் கேட் கிரேஞ்சர் புற்றுநோயாளியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோது, தன்னைக் கவனிக்க வந்தவர்களில் பலர் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். 2013இல் ‘வணக்கம், என் பெயர்…’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். நோயாளியின் பெயரைக் கேட்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மருந்து கொடுக்கும் முன் “நீங்கள் இன்னார்தானே?” என்று கேட்டால், அரைத்தூக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் “ஆமாம்” என்றுதான் சொல்வார். “உங்கள் பெயர் என்னங்க ஐயா?” என்று கேளுங்கள். பதில் அவர் வாயிலிருந்தே வரட்டும், பிறகு கேஸ் ஷீட்டையும் கைப்பட்டையையும் சரிபாருங்கள். மரியாதையும் பாதுகாப்பும் ஒரே கேள்வியில் முடிந்துவிடுகிறது.

வைட்டல்ஸ் (நாடி, மூச்சு போன்ற அடிப்படை அளவுகள்) பார்ப்பதை மெஷினிடமே முழுதாக விட்டுவிடாதீர்கள். நாடித்துடிப்பை ஒரு முழு நிமிடம் கையால் எண்ணுங்கள். அப்புறம் விரலை எடுக்காமலே மூச்சை எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும் என்பதால்தான் அப்படிச் சொல்லித் தருகிறார்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு நாடி 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20 வரை இயல்பு. எண் கிடைப்பதோடு, கை சில்லென்று இருக்கிறதா, வியர்த்திருக்கிறதா, துடிப்பு சீராக இருக்கிறதா என்பதும் விரலுக்குத் தெரியும். அந்த இரண்டு நிமிடமும் ஒருவர் அவசரமில்லாமல் தன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது நோயாளிக்கும் தெரியும். எண்ணி முடித்து சார்ட்டில் எழுதும்போது பலர் பேச ஆரம்பிக்கிறார்கள். டாக்டர் ரவுண்ட்ஸில் சொல்லாததை, “சிஸ்டர், ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை” என்று அப்போதுதான் சொல்கிறார்கள்.

சரி, புதிதாக வருபவருக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா? முதலில் கஷ்டம்தான். அமெரிக்க நர்சிங் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர் 1980களில், செவிலியரின் வளர்ச்சியைப் புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து கட்டங்களாக விளக்கினார். புதியவர் விதியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். ட்ரிப்பின் சொட்டுக் கணக்கிலேயே மனம் இருக்கும்போது எதிரே இருக்கும் முகம் கண்ணில் படாது. அதனால் ஸ்கில் லேபில் (கல்லூரியின் செய்முறைப் பயிற்சி அறையில்) திரும்பத் திரும்பப் பயிற்சி செய்யுங்கள். கை தானாக வேலை செய்தால்தான் கண் நோயாளியிடம் போகும். கைத்திறன் வேறு, கருணை வேறு என்று பிரித்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொம்மையை வைத்துப் பழகுவது மட்டும் போதாது. தோழியைப் படுக்க வைத்து ஸ்பூனால் ஊட்டிப் பாருங்கள், பிறகு நீங்கள் படுத்துக்கொண்டு அவரை ஊட்டச் சொல்லுங்கள். விழுங்கி முடிப்பதற்குள் அடுத்த ஸ்பூன் வாயருகே வந்து நின்றால் எப்படி இருக்கிறது என்று புரிந்துவிடும். உணவு மூச்சுக்குழாயில் போகாதிருக்கத் தலைப்பக்கத்தை ஏன் உயர்த்தி வைக்கச் சொல்கிறார்கள் என்பதும் பிறகு மறக்காது.

தியரியை ஒதுக்கிவிடாதீர்கள். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை (வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கான பராமரிப்பு இல்லத்தை) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியராகப் பயிற்சி பெற்றவர். உடல், மனம், குடும்பம், நம்பிக்கை என எல்லாப் பக்க வேதனையும் சேர்ந்ததை அவர் ‘முழு வலி’ என்றார். இதைப் படித்துவிட்டு வார்டுக்குப் போனால், 0 முதல் 10 வரையிலான வலி அளவுகோலில் ஒருவர் “மூணு” என்று சொல்லியும் கட்டில் கம்பியை ஏன் இறுகப் பிடித்திருக்கிறார் என்று இன்னொரு கேள்வி கேட்கத் தோன்றும். வலி குறைவாக இருந்து, நாளைய அறுவை சிகிச்சை குறித்த பயம் அதிகமாக இருக்கலாம். கேர் பிளானில் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தில்) அந்தப் பயத்தையும் எழுதுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டாலும் உங்களிடம் சொந்தமாகச் சொல்ல ஒரு பதில் இருக்கும்.

ஒரு மோசமான ஷிஃப்டுக்குப் பிறகு, குறிப்பாக நீங்கள் பார்த்துக்கொண்டவர் இறந்த நாளில், சீனியர் ஒருவரிடம் பத்து நிமிடமாவது பேசிவிட்டுக் கிளம்புங்கள். உள்ளுக்குள்ளேயே அடக்கிக்கொண்டே போனால், கொஞ்ச நாளில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் போய்விடும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிளினிக்கல் போஸ்டிங்கில் (மருத்துவமனைப் பயிற்சியில்) கேஸ் பிரசன்டேஷன் கேட்கும்போது நோயின் காரணம், மருந்தின் அளவு எல்லாம் கேளுங்கள். கூடவே “இந்த நோயாளி எதை நினைத்துப் பயப்படுகிறார்?” என்றும் கேளுங்கள், அதற்கும் மதிப்பெண் வையுங்கள். மதிப்பெண் இருந்தால் மாணவர்கள் கட்டிலருகே போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவார்கள்.