சீ பேர்ட் தோற்ற ஒரே பந்தயம்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை, பாரிஸின் லாங்ஷான் மைதானத்தில் ஆர்க் என்னும் பெரும் குதிரைப் பந்தயம் நடக்கும் நாளில், அதற்குச் சற்றும் குறையாத ஆவலோடு நான் காத்திருப்பது இரண்டு வயதுக் குட்டிகள் ஓடும் ழான்-லுக் லகார்தேர் பந்தயத்துக்காகத்தான். 1853-இல் ஷாந்தியியில் தொடங்கிப் பின்னர் லாங்ஷானுக்கு வந்த இப்பந்தயத்துக்கு நெடுங்காலம் 'கிரான் கிரிதேரியம்' என்றே பெயர். கிரிதேரியம் என்பதை உரைகல் என்று சொல்லலாம். அடுத்த ஆண்டின் சிறந்த குதிரை எது என்பதை முன்கூட்டியே உரைத்துப் பார்க்கும் கல் அது.

அந்தக் கல் பொய் சொன்ன ஆண்டு 1964. பயிற்சியாளர் எத்தியென் பொல்லே தம் லாயத்திலிருந்து இரண்டு குட்டிகளை அனுப்பினார். மோர்னி, சலமாந்தர் ஆகிய இரு பந்தயங்களையும் அவ்வாண்டே வென்றிருந்த கிரே டான் ஒன்று. சீ பேர்ட் மற்றொன்று. வெகுதூரம் பின்தங்கிக் கிடந்த சீ பேர்ட், கடைசி நேர்பாதையில் ஒவ்வொரு குதிரையாகத் தாண்டி வந்தும் கிரே டானை எட்ட முடியாமல் இரண்டாவதாக முடித்தது. மறு ஆண்டு அதே சீ பேர்ட் இங்கிலாந்தின் எப்சம் டெர்பி பந்தயத்தை வென்று, அக்டோபரில் ஆர்க் பந்தயத்தை ஆறு குதிரை நீள இடைவெளியில் வென்றது. ஓடிய எட்டுப் பந்தயங்களில் அது தோற்றது இந்த ஒன்றில் மட்டுமே. முடிவுப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருக்கும் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம், வெற்றியைவிட அந்தத் துரத்தலில்தான் உண்மையான தரம் தெரிந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எதிர்த்திசையிலும் கல் ஏமாற்றியதுண்டு. 1991-இல் வென்ற அராசி, சில வாரங்களில் அமெரிக்காவின் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில், பின்வரிசையிலிருந்து எல்லோரையும் கடந்து ப்ரீடர்ஸ் கப் ஜுவனைல் பந்தயத்தையும் வென்றது. ஆனால், அடுத்த மே மாதம் அதே மைதானத்தில் நடந்த கென்டக்கி டெர்பியில் எட்டாவதாகத்தான் வர முடிந்தது.

2001-இல் பிரான்ஸின் இரண்டு வயதுப் பந்தயங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, 1600 மீட்டர் தூரம் 1400 ஆகக் குறைக்கப்பட்டது. இடையில் சில ஆண்டுகள் பழைய தூரம் திரும்பியது. குறுகிய தூரத்தில் முதலில் வென்ற ராக் ஆஃப் ஜிப்ரால்டர், தொடர்ந்து ஏழு முதல்தரப் பந்தயங்களை வென்றதால், அந்த மாற்றத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தொழிலதிபரும் பிரெஞ்சுப் பந்தய அமைப்பின் தலைவருமான லகார்தேர் 2003-இல் மறைந்ததும், அவர் பெயரே பந்தயத்துக்குச் சூட்டப்பட்டது. அவர் வளர்த்த குதிரைகளை 2005-இல் ஆகா கான் வாங்கினார். அந்தத் தாய்வழியில் பிறந்த சியூனி 2009-இல் இதே பந்தயத்தை வென்று, பின்னர் பிரான்ஸின் முன்னணிப் பொலிகுதிரையாகி, 2020-இல் ஆர்க் வென்ற சோத்சாஸுக்குத் தந்தையானது. ஒருவர் பேணிய இரத்தம் அவர் பெயரிலேயே நடக்கும் பந்தயத்தில் முதலாவதாக வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

காயடித்த குதிரைகளுக்கு இங்கே இடமில்லை. வருங்காலத் தந்தையரையும் தாயரையும் தேர்ந்தெடுப்பதே இதன் நோக்கம். 2010-இல் வென்ற வூட்டன் பாசெட்டின் மகனான காமீய் பிசாரோ என்ற குதிரை 2024-இல் தந்தை வென்ற அதே பந்தயத்தை வென்றது. 2025 ஜூனில் அது பிரெஞ்சு டெர்பியையும் வென்றது, இப்பந்தயம் 1853-இல் பிறந்த அதே ஷாந்தியிப் புல்தரையில்.