600 மீட்டர் என்று காட்டிய சுகாதார நிலையம்

இரண்டு மாதத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தெருவில் விளையாடிக்கொண்டிருந்த என் மகனை நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் பல் பதிந்து ரத்தம். குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் விடாமல் கழுவினேன். அதைச் சரியாகச் செய்தது இப்போதும் ஆறுதல்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தேர்வான 11 நகரங்களில் எங்கள் ஊரும் ஒன்று. 'அருகிலுள்ள சேவைகள்' காட்டும் ஆப் ஒன்று போனில் இருந்தது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் 600 மீட்டரில் என்றது. நடுவே ரயில் தண்டவாளம் இருப்பதைக் கணக்கில் எடுக்காமல் நேர்கோட்டில் அளந்திருக்கிறது. ஆட்டோவில் பாலம் சுற்றிப் போக 3 கிலோமீட்டர். இறங்கினால் கட்டடம் பூட்டு. எதிர்க்கடைக்காரர், "அது தண்ணி டேங்க் பக்கம் மாறி ஒரு வருஷம் ஆச்சேம்மா" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அப்புறம்தான் 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண் நினைவு வந்தது. முதலிலேயே அழைத்திருக்க வேண்டும். ரத்தம் வந்த கடி என்றதும், தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற ரேபிஸ் எதிர்ப்பு மருந்தும் தேவைப்படும், பெரிய அரசு மருத்துவமனைக்கே போங்கள் என்றார்கள். அங்கே இரண்டும் போட்டார்கள். 3, 7, 28-ஆம் நாள் ஊசிகள் தண்ணி டேங்க் பக்கத்து நிலையத்திலேயே முடிந்தன.

ஆப் காட்டும் தூரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள். வழியைத் திறந்து பாருங்கள். அந்த இடம் இப்போது திறந்திருக்கிறதா, வேண்டிய மருந்து இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

தவறான இடத்தைப் பற்றி ஆப்பிலேயே புகார் போட்டேன். நாலாம் நாள் 'தீர்வு காணப்பட்டது' என்று குறுஞ்செய்தி. திறந்து பார்த்தால் வரைபடத்தில் நிலையத்தைக் காட்டும் புள்ளி அதே பூட்டிய வாசலில். பழைய பூட்டையும் புதிய போர்டையும் படம் எடுத்து மறுபடி அனுப்பினேன். அதையும் அப்படியே முடித்துவிட்டார்கள். இன்னொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாராவது அந்த வாசலில் நிற்பார்களே என்று தூக்கம் வரவில்லை. படங்களை அச்செடுத்து, குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். சீட்டை விடாதீர்கள், அடுத்த முறை கேட்கும்போது அதுதான் பேசும்.

போன வாரம் புள்ளி தண்ணி டேங்க் பக்கம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நேரம் மட்டும் இன்னும் போடவில்லை. அடுத்த மனு எழுதி வைத்திருக்கிறேன்.